முதல் பெட்டி, கடைசி பாட்டில்

அழகாக இருக்கிறதாம். மருந்து கலக்குகிற தொட்டிக்குள் பாகு சுழன்று சுழன்று, நடுவில் குழி விழுவது பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறதாம். அந்த அழகைப் பார்ப்பதற்காக ஒரு மனிதர் என்ன காரியம் செய்தார், வேண்டாம் என்று சொன்ன ஒரு பெண்ணின் வாயை எப்படி அடைத்தார் என்று கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும். எரியட்டும். மென்று விழுங்கிவிட்டுப் போகிற சமாச்சாரமில்லை இது.

அந்தப் பெண்ணுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் அது இருக்கிறது. மற்றபடி வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் கலக்கியக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த வேன் டிரைவர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். மருந்துத் தொழிற்சாலையின் கலக்கும் அறையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? வயது நாற்பத்து நான்கு. கோபம் மூக்கு நுனியில் குடியிருந்தது. அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வீட்டில் வாயே திறக்கமாட்டார். ஏன் என்று கேட்டால், ஒரு வண்டிக்கு ஒரு ஹாரன் போதும் என்பார்.

பாட்டில் கழுவுகிற வேலைக்குத்தான் முதலில் வந்தாள். மூன்று வருஷம் கை ஊறிக் கிடந்தது. அப்போது கலக்கிக்கொண்டிருந்த ஆள் முதுகு பிடித்துக்கொண்டு வேலையை விட்டு நின்றுவிட்டார். மூட்டை தூக்க யாரால் முடியும் என்று கேட்டார்கள். என்னால் முடியும் என்று இவள் கையைத் தூக்கினாள். கலக்கும் அறையில் ஜன்னல் இருந்தது, அதுதான் காரணம் என்று பிற்பாடு சொல்லுவாள். வேலையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எது எவ்வளவு, எத்தனை நிமிஷம் என்று ஒரு தாளைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கண்ணால் கற்றது.

தொட்டி பெரிது ஒன்றுமில்லை. முந்நூறு லிட்டர், மார்பளவு உயரம், வட்டமான ஸ்டீல் தொட்டி. நடுவில் மேலிருந்து ஒரு தண்டு இறங்கும், அதன் நுனியில் விசிறி மாதிரி இலைகள். அடியில் நடுவே ஒரு குழாய். கலந்து முடித்ததும் மருந்து அந்தக் குழாய் வழியாகத்தான் பக்கத்து அறைக்குப் போய் பாட்டில்களில் நிரம்பும். தொட்டியின் உள்சுவரில், நாலு பக்கமும், ஒரு கை அகலத்தில் நாலு நெட்டைத் தகடுகள் செங்குத்தாக நிற்கும். திருகாணி போட்டு முடுக்கியவை. கழுவும்போது மட்டும் கழற்றலாம். இந்த நாலு தகட்டை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அவற்றைச் சுற்றித்தான்.

கழுவுகிற நாளில் தகட்டையெல்லாம் கழற்றிவிட்டு, வெறும் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை ஓடவிடுவாள். தண்ணீர் மொத்தமாகக் கிளம்பிச் சுற்றும். நடுவில் புனல் மாதிரி குழி விழும். அவள் பாட்டில் மூடிகளில் மையால் ஒரு புள்ளி வைத்து ஒவ்வொன்றாகப் போடுவாள். விளையாட்டுத்தான், ஆனால் சும்மா விளையாட்டில்லை. சுவரோரம் மிதந்த மூடி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வரும். புள்ளி மட்டும் அநேகமாக வாசல் பக்கமே பார்த்தபடி இருக்கும். ஊரெல்லாம் சுற்றுகிறது, தான் திரும்பவில்லை. நடுவில் குழிக்குப் பக்கத்தில் போட்ட மூடி அப்படியில்லை. அது ஒரு சுற்று வருவதற்குள் தானும் ஒரு முறை திரும்பிவிடும்; புள்ளி எப்போதும் தண்டையே பார்க்கும். அந்த இடத்தில் இரண்டு மூடிகளை அக்கம்பக்கமாகப் போட்டால் பத்து நிமிஷம் கழித்தும் அக்கம்பக்கமாகவே இருக்கும். அவ்வளவு வேகம், அவ்வளவு ஆர்ப்பாட்டம், கடைசியில் பக்கத்தில் இருக்கிறவன்கூட மாறவில்லை.

இதை ஒருநாள் வீட்டுக்காரரிடம் சொன்னாள். உங்கள் பஸ் மாதிரிதான், நாள் பூராவும் சுற்றினாலும் பக்கத்து சீட்டு ஆள் மாறவில்லை என்றாள். அந்த மனிதர் வழக்கத்துக்கு விரோதமாக வாயைத் திறந்தார். பிரேக் போட்டால் மாறும் என்றார். நிற்கிறவர்கள் எல்லாம் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுவார்களே, அதைச் சொன்னார். கலக்கியக்காவுக்கு அன்றைக்கு விளங்கிவிட்டது, அந்த நாலு தகடும் பிரேக் என்று. சுற்றி வருகிற பாகு தகட்டில் மோதி, மேலே போனது கீழே வந்து, கீழே கிடந்தது மேலே ஏறி, ஒன்றோடு ஒன்று புரளும். பார்க்க லட்சணமாக இருக்காது. குழி விழாது, சட்டியில் ஏதோ கொதிக்கிற மாதிரி குழம்பிக்கொண்டு கிடக்கும். ஆனால் கலக்கும். சுற்றுவதெல்லாம் கலக்குவது ஆகாது.

நாலு மாதத்துக்கு முன்னால் புது மேனேஜர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வணக்கம் வைத்தால் திருப்பி வைப்பார். ஆனால் எதையும் பிறத்தியார் பார்க்கிற மாதிரி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வந்த வாரமே வராந்தாவுக்குச் செடிகள் வந்தன. பாட்டில் நிரப்புகிற பெண்களுக்கு நீலத் தொப்பி வந்தது. பெண்கள் அவருக்கு ஷோகேஸ் என்று பேர் வைத்துவிட்டார்கள். அப்புறம் கலக்கும் தொட்டியின் மூடியை எடுத்துவிட்டுக் கண்ணாடி மூடி போட்டார். உள்ளே ஒரு விளக்கும் போட்டார். பார்வையாளர்கள் வந்து எட்டிப் பார்க்கலாமாம்.

பார்த்தால் உள்ளே என்ன தெரியும்? குழம்புகிற பாகுதான் தெரிந்தது. ஷோகேஸ் முகம் சுளித்தார். இந்தத் தகடெல்லாம் எதற்கு என்று கேட்டார். அவள் பொறுமையாகச் சொன்னாள், பஸ்ஸையும் பிரேக்கையும் சேர்த்துச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, நாளைக்கு மட்டும் கழற்றி வையுங்கள் என்றார். மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். இருமல் பாகு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஆழமாகக் குழி விழுந்து, விளக்கு வெளிச்சத்தில் பாகு தேன் மாதிரி பளபளவென்று சுழன்றது. ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். அதோடு போயிருந்தால் தொலைகிறது என்று விட்டிருக்கலாம்.

மோட்டாருக்குப் பக்கத்தில் கரண்ட் காட்டுகிற முள் ஒன்று இருக்கிறது. தகடு இல்லாமல் ஓடியபோது அந்த முள் பாதிக்கு இறங்கியிருந்தது. அதை ஷோகேஸ் பார்த்துவிட்டார். பார்த்தவருக்குத் தலைகால் புரியவில்லை. அதே கலக்கல், பாதிக் கரண்ட் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். தகட்டிடுக்கில் ஒட்டியதைத் தேய்க்கிற நாற்பது நிமிஷமும் மிச்சம் என்றார். பதினெட்டு வருஷமாக இது ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று வேறு ஆச்சரியப்பட்டார். மோட்டார் ஏன் குறைவாகத் தின்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

"வேலை செய்யாதவனுக்கு எப்படி சார் வேர்க்கும்?" என்றாள் கலக்கியக்கா.

ஷோகேஸ் சிரித்தார். நல்ல ஜோக் என்று நினைத்துவிட்டார். அதைப் போய் ஆபீஸ் ரூமில் நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறார். தகடுகள் நாலும் கேன்டீனுக்குப் போயின. செங்கல் வைத்து மேலே தகடு போட்டு, டம்ளர் கவிழ்க்கிற அலமாரி ஆக்கிவிட்டார்கள். அவள் தினமும் டீ குடிக்கப் போகும்போது அந்தத் தகட்டைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள்.

ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. ஓடியதெல்லாம் இருமல் பாகு, சத்து டானிக். அதெல்லாம் கரைகிற சரக்கு. எப்படிச் சுற்றினாலும் போகப்போகக் கரைந்துவிடும். பார்த்தீர்களா அக்கா, ஒன்றும் ஆகவில்லையே என்பார் ஷோகேஸ், போகிறபோதும் வருகிறபோதும்.

பிறகு குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தின் முறை வந்தது. ஒரு திங்கட்கிழமை. அதில் போடுகிற வெள்ளைப் பொடி கரையவே கரையாது. மாவு மாதிரி பாகுக்குள் பரவி நிற்கும். அதனால்தான் பாட்டிலில் நன்றாகக் குலுக்கிக் குடிக்கவும் என்று போட்டிருப்பது. கலக்கியக்கா பொடி மூட்டையைப் பிரிக்கவில்லை. தகட்டை மாட்டாமல் இதை ஓட்டமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஷோகேஸ் வந்தார். முதலில் சிரித்துப் பேசினார். தகட்டை மறுபடி கழுவிக் காயவைத்து மாட்ட அரை நாள் போய்விடும் என்றார். அவள் அசையவில்லை. அப்புறம் அவர் செய்ததுதான் மகா மட்டமான வேலை. பக்கத்து அறைக் கதவைத் திறந்து, தொப்பி போட்டுக்கொண்டு காத்திருந்த பன்னிரண்டு பெண்களையும் காட்டினார். இவர்கள் இன்றைக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். பன்னிரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒருத்திக்குப் பால் குடிக்கிற குழந்தை, ஒருத்திக்குப் படுக்கையில் கிடக்கிற மாமியார். அவள் மூட்டையைப் பிரித்தாள்.

பொடி விழுந்தது, பாகு சுழன்றது, குழி விழுந்தது, குழி வழியாகக் காற்று உள்ளே போய் மேலே நுரை கட்டியது. நுரையைக் காட்டினாள். அது அடங்கிவிடும் என்றார். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு தாள் உண்டு. அதில் கடைசி வரி, "கலவை ஒரே சீராக உள்ளது." கீழே கலக்கினவரின் கையெழுத்து. அது இல்லாமல் அடிக்குழாயைத் திறக்கக் கூடாது. ஷோகேஸ் தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். பொய் என்று அவள் கைக்குத் தெரியும், மனசுக்குத் தெரியும். இருந்தும் கையெழுத்துப் போட்டாள். இந்த இடத்தில் அவளை யாரும் திட்ட வேண்டாம். அவளே போதுமான அளவு திட்டிக்கொண்டுவிட்டாள்.

அந்தத் தொழிற்சாலையில் எழுதாத சட்டங்கள் மூன்று உண்டு. ஒவ்வொரு தொட்டியிலும் முதலில் நிரம்புகிற பாட்டில்கள் முதல் பெட்டி. அது மேனேஜர் அறைக்குப் போகும். வருகிற டாக்டர்களுக்கு, வேண்டியவர்களுக்கு, வீட்டுக்கு. கடைசியில் ஒரு பெட்டிக்குத் தேறாமல் மிஞ்சுகிற பாட்டில்கள் வேலை செய்கிறவர்களுக்கு, ஆளுக்கு ஒன்று. தலை அங்கே, வால் இங்கே. மூன்றாவது, லேப்பில் சோதிக்கிற பத்து பாட்டில். அதை லேப் மேடம் மத்தியானச் சாப்பாடு முடிந்து வருகிற வழியில் எடுத்துக்கொண்டு போவார். அந்த நேரத்துக்குத் தொட்டி சரியாகப் பாதி காலியாகியிருக்கும். நடுவில் எடுத்தால் என்ன வரும்? நடுத்தரம்தான் வரும். சரியாக இருக்கிறது என்று சீட்டு வந்தது. கலக்கியக்காவும் நாம்தான் வீணாகப் பயந்தோமோ என்று நினைத்து, தன் பங்குப் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோனாள். வியாழக்கிழமை வேனில் ஏற்றிப் பதினேழு கடைகளுக்கு அனுப்பினார்கள்.

கலக்கியக்காவின் தங்கை அதே வீட்டில் மாடியில் இருக்கிறாள். தங்கைக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. சுண்டு என்று கூப்பிடுவார்கள். சனிக்கிழமை காலையில் சுண்டுவுக்கு உடம்பு கொதித்தது. பெரியம்மா கொண்டுவந்த பாட்டில் இருக்கவே இருக்கிறது. நன்றாகக் குலுக்கி ஐந்து மில்லி கொடுத்தார்கள். இறங்கவில்லை. மத்தியானம் இன்னொரு முறை, சாயங்காலம் இன்னொரு முறை. குழந்தை கண்ணைத் திறக்காமல் பெரியம்மா மடியில் துவண்டு கிடந்தது. தங்கை பயத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினாள்.

"உங்க மருந்துல தண்ணிதான்க்கா இருக்கு" என்றாள்.

டாக்டரிடம் ஓடினார்கள். அவர் வேறு கம்பெனி பாட்டிலில் அதே மருந்தைத்தான் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் சுண்டு வேர்த்து, எழுந்து உட்கார்ந்து, பிஸ்கட் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. குலுக்கிக் குடிக்கவும், குலுக்கிக் குடிக்கவும். பாட்டிலுக்குள் வராத மருந்தை எத்தனை குலுக்குக் குலுக்கி வரவழைப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ போட்டு, கண்ணாடி டம்ளரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிவிட்டு ஸ்பூனை எடுத்தாள். டீ சுழன்றது. வடிகட்டியில் தப்பி வந்த தூள் டம்ளரின் அடியில் கிடந்தது. சுற்றுகிற வேகத்துக்கு அது ஓரத்துக்கல்லவா ஓட வேண்டும்? ஓடவில்லை. அடியில் சுழன்று சுழன்று நடுவுக்கு வந்து ஒரு குட்டிக் குவியலாக உட்கார்ந்தது. ஆயிரம் தடவை பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது. தொட்டியிலும் அடியில் நடுவில்தான் குழாய் இருக்கிறது.

அதுவரை அவள் குறைந்த மருந்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். சுண்டுவின் பாட்டிலில் குறைந்துவிட்டது, பாவி மனுஷன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் கொதித்துக்கொண்டிருந்தாள். டீயைப் பார்த்தபோதுதான் அடுத்தது உறைத்தது. மூட்டையிலிருந்து விழுந்த பொடி எங்கே போகும்? எங்கேயும் போகாது. கடைசிப் பாட்டிலில் இல்லாதது முதல் பாட்டில்களில் இருக்கிறது. சுண்டுவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, அதோடு போயிற்று. குவியலோடு நிரம்பிய பாட்டில் கிடைத்த பிள்ளைக்கு? ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக மருந்து, நாளைக்கு நாலு வேளை. பதினேழு கடை. எந்தக் கடையில், எந்த வீட்டில் என்று யாருக்குத் தெரியும்? மரமண்டை, மரமண்டை என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். உடனே மேனேஜருக்குப் போன் போட்டாள். அன்று முழுக்க ஏழு தடவை போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் போனை எடுக்கிறதில்லையாம்.

திங்கட்கிழமை லேப் திறக்கிற நேரத்துக்குச் சுண்டுவின் பாட்டிலோடு வாசலில் நின்றாள். லேப் மேடம் நியாயமான பெண். சட்டப்படி செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டே செய்தார். முக்கால் மணி நேரத்தில் கணக்கு வந்தது. லேபிளில் போட்டிருப்பதில் பாதிகூட இல்லை. மேடம் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். என் பத்து பாட்டிலும் சரியாக இருந்ததே அக்கா என்றார். உங்கள் மேல் தப்பு இல்லை மேடம், உங்கள் சாப்பாட்டு நேரத்தின் மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டு, அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

ஷோகேஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார். சீட்டைப் பார்த்தார். ஒரு பாட்டிலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். வீட்டில் எப்படி வைத்திருந்தீர்களோ, யார் தண்ணீர் கலந்தார்களோ என்றார். தண்ணீர் கலந்தார்களா. பெற்ற தாய் காய்ச்சல்காரக் குழந்தையின் மருந்தில் தண்ணீர் கலப்பாள், இவருடைய தொட்டி மட்டும் தப்பே செய்யாது. கலக்கியக்காவுக்குக் காது மடல் வரை சிவந்தது. ஆனால் கத்தவில்லை. அவருடைய டம்ளரை எடுத்து, அவருடைய ஸ்பூனால் கலக்கி, மேஜை மேல் அவருக்கு நேரே வைத்தாள். பாருங்கள் என்றாள். தூள் நடுவில் வந்து குவிந்தது. அப்புறம் மறுபடி கலக்கி, இந்தத் தடவை ஸ்பூனை ஓரத்தில் செங்குத்தாகப் பிடித்தாள். சுழல் உடைந்து, தூள் டம்ளர் முழுக்கப் புரண்டது. நீங்கள் கழற்றியது இந்த ஸ்பூனைத்தான் என்றாள்.

டீயும் மருந்தும் ஒன்றா என்று ஷோகேஸ் ஆரம்பித்தார். எந்த முடிவுக்கும் ஒரு முறை இருக்கிறது, அதிகப்படி சோதனை வேண்டும், மேலிடத்துக்கு எழுத வேண்டும், பத்து நாள் ஆகும் என்று அடுக்கினார். பேசப் பேச அவள் கண் அவருக்குப் பின்னால் போயிற்று. அலமாரியின் மேல் தட்டில் காய்ச்சல் மருந்தின் முதல் பெட்டி இருந்தது. ஒட்டு பிரித்திருந்தது. கிட்டே போய் எட்டிப் பார்த்தாள். முதல் வரிசையில் இரண்டு இடம் காலி.

"ரெண்டு பாட்டில் எங்க சார்?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். பையனுக்கு நேத்து ராத்திரிலேர்ந்து…" என்றவர் பாதியில் நின்றார்.

அவருக்கு நாலு வயதில் ஒரு பையன் இருக்கிறான். அவன் போட்டோ அந்த மேஜை மேலேயே இருந்தது, பார்க்கிறவர்கள் பார்க்கிற மாதிரி. ஷோகேஸ் டம்ளரைப் பார்த்தார். அடியில் தூள் மறுபடி அடங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. போனை எடுக்கும்போது இரண்டு தடவை தவறான பெயரைத் தொட்டார்.

"அந்தக் காய்ச்சல் மருந்தைத் தொடாத" என்றார் மனைவியிடம். "இனிமே ஒரு சொட்டு குடுக்காத. குடுத்தியா? எத்தனை தடவை? சரி, பையனைத் தூக்கிட்டு உடனே டாக்டர்கிட்ட போ. பாட்டிலையும் எடுத்துட்டுப் போ."

காலையில் ஒரு வேளைதான் கொடுத்திருந்தாள் அந்த அம்மாள். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை இப்போதே சொல்லிவிடலாம். ஒரு வேளையோடு நின்றது நல்லதாயிற்று, மூன்று நாள் தொடர்ந்திருந்தால் ஈரல் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். ஆனால் அது தெரியவர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஷோகேஸ் பேசி முடித்துவிட்டு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். கலக்கியக்காவுக்கு அந்தக் குழந்தையை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. அந்த மனிதரைப் பார்த்தும்கூடக் கொஞ்சம் இரக்கம் வந்தது. ஒரு நிமிஷம் விட்டாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும், இப்போது கடைகளுக்குச் சொல்லுங்கள் என்றாள்.

அவர் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? முதல் பெட்டியை லேப்புக்கு அனுப்பலாம் என்றார். ரிப்போர்ட் வரட்டும் என்றார். ரிப்போர்ட் இல்லாமல் கடைக்காரர்களிடம் எதைச் சொல்வது, கம்பெனி பேர் என்ன ஆவது, ஒரு தடவை வெளியே சொன்னால் அள்ள முடியுமா என்றார். தன் வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார், அந்தப் போன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

பதினெட்டு வருஷத்தில் அவள் அந்த அறையில் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"உங்க வீட்டுக்குப் போன் பண்ண எந்த ரிப்போர்ட் சார் வந்துச்சு?" என்று கேட்டாள். "இந்த டம்ளரைப் பார்த்துதானே பண்ணீங்க. உங்க பையனுக்குப் போதுமானது ஊர்ப் பிள்ளைங்களுக்குப் போதாதா? உங்க சம்சாரத்துக்கிட்ட என்ன சொன்னீங்களோ அதையே சொல்லுங்க. அதே வார்த்தை. நான் இங்கதான் நிக்கறேன்."

அவர் முதல் பெட்டியை லேப்புக்குக் கொடுத்தனுப்பினார். பிறகு கடைகளின் பட்டியலை எடுத்தார்.

முதல் கடைக்குப் பேசும்போது, ஒரு சின்னப் பரிசோதனைக்காக அந்த மருந்தைக் கொஞ்சம் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று வழவழவென்று ஆரம்பித்தார். அவள் மேஜையை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் நேராகச் சொன்னார், அந்தக் காய்ச்சல் மருந்தைத் தொடாதீர்கள், ஒரு பாட்டில்கூடக் கொடுக்காதீர்கள், வாங்கிப் போனவர்களைக் கூப்பிட்டு ஒரு சொட்டும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், கொடுத்திருந்தால் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். இரண்டாவது கடைக்குத் தட்ட வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாவது கடைக்குப் பேசிக்கொண்டிருந்தபோது லேப் மேடம் முதல் பெட்டியின் சீட்டைக் கொண்டுவந்து வைத்தார். லேபிளில் இருப்பதைப்போல இரண்டரை மடங்கு. அவர் சீட்டைப் படித்துவிட்டுப் பத்தாவது எண்ணைப் போட்டார். பதினான்காவது கடைக்காரர் மூன்று பாட்டில் விற்றுவிட்டதாகவும், மூன்று வீடும் தெரிந்த வீடுதான், இப்போதே ஆள் அனுப்புகிறேன் என்றும் சொன்னார். பதினேழாவது கடை முடிந்த பிறகுதான் கலக்கியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எல்லாக் கடையிலிருந்தும் பெட்டிகள் திரும்பின. விற்றவை நாற்பத்தொன்று; அத்தனையும் இரண்டு நாளில் வந்து சேர்ந்தன. அதில் மருந்து மிகுந்துபோன முதல் ஐந்து பெட்டியைச் சேர்ந்தவை ஆறு. ஆறு வீட்டிலும் மூன்றாவது வேளைக்கு மேல் கொடுத்திருக்கவில்லை. குழந்தைகள் பிழைத்தார்கள். ஷோகேஸ் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில், இயந்திரத்தில் ஏற்பட்ட எதிர்பாராத கோளாறு என்றுதான் எழுதினார். எந்த இயந்திரம், என்ன கோளாறு? பாவம், வாயில்லாத இயந்திரம்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையே அவள் ஒரு காரியம் செய்தாள். நேராகக் கேன்டீனுக்குப் போய், அலமாரியில் இருந்த டம்ளர்களை எல்லாம் தரையில் இறக்கிவைத்தாள். நாலு தகட்டையும் உருவிக்கொண்டு வந்து, தேய்த்துக் கழுவி, தொட்டிக்குள் குனிந்து திருகாணி ஒவ்வொன்றையும் முடுக்கினாள். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. பாட்டில் நிரப்புகிற பெண்கள் பன்னிரண்டு பேரும் வந்து கூடவே நின்று தகட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு போன வாரத்துத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்தாள். லேப் மேடம் பதறிப்போய், கையெழுத்தை அடித்துவிடாதீர்கள் அக்கா, பிரச்சினையாகும் என்றார். அவள் கையெழுத்தைத் தொடவில்லை. அது அவள் போட்டதுதான், அங்கேயே இருக்கட்டும். அதற்கு மேலே இருந்த வரியை, கலவை ஒரே சீராக உள்ளது என்ற அந்த ஒரு வரியை, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி அடித்துவிட்டு, தாளைக் கோப்பில் திரும்ப வைத்தாள்.